பிரெவலன்ஸ்: பரவலா, இருப்பா?

ஒரு நோயோடு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் ஆங்கிலச் சொல் பிரெவலன்ஸ்; தமிழில் அதைப் 'பரவல்' என்று எழுதுகிறோம். "நீலகிரியின் கூடலூரில் அரிவாள் அணுச் சோகையின் பரவல் அதிகம்" என்று எழுதிப் பாருங்கள். பக்கத்துப் பந்தலூர்க்காரர் முதலில் கேட்பது, "ஒட்டுமா?" என்றுதான். ஒட்டாது. சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் ரத்த நோய் அது; தாய், தந்தை இருவரிடமிருந்தும் மரபணு வழியாக வருவது. கிலியைக் கிளப்பியது 'பரவல்' என்ற சொல்.

பிரெவலன்சின் மூலம் லத்தீன் 'பிரேவலேரே', அதாவது மற்றதைவிட வலுத்திருத்தல். வலுத்தது எங்கும் தென்படும் அல்லவா, அந்த வழியில் 'பரவலாகக் காணப்படுவது' என்ற பொருள் வந்தது. தமிழில் அந்தக் கடைசிப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பரவலுக்கோ ஏற்கெனவே கைநிறைய வேலை: பள்ளிக் கணக்கில் நிகழ்வெண் பரவல், கொரோனாக் காலத்தில் சமூகப் பரவல். இதன் ஜோடியான இன்சிடென்ஸ் (குறிப்பிட்ட காலத்தில் புதிதாக நோய் வந்தவர்களின் அளவு), 'மேலே வந்து விழுதல்' என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது.

கடைப் பதிவேட்டில் இதற்கு நல்ல சொற்கள் உண்டு: முன்னிருப்பு, வரவு, செலவு, இருப்பு. குறிப்பிட்ட நாளில் நோயோடு இருப்பவர்கள் இருப்பு. ஓராண்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் புதுவரவு. குணமும் சாவும் செலவு. எனவே இருப்பு வீதம், புதுவரவு வீதம் என்பதே எங்கள் பரிந்துரை. ஏற்ற இறக்கமில்லாத மக்கள்தொகையில் இருப்பு என்பது ஏறத்தாழ ஆண்டு வரவை நோயோடு வாழும் ஆண்டுகளால் பெருக்கியது.

சிகிச்சையின் பலனை அளப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். கணக்குக்காக, ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்கு 1 குழந்தை இந்நோயோடு பிறக்கிறது, சராசரி ஆயுள் 20 என்று கொள்வோம். இருப்பு 20 பேர். பென்சிலின், நிமோகாக்கல் தடுப்பூசி, ஹைட்ராக்ஸியூரியா எல்லாம் ஒழுங்காகக் கிடைத்து ஆயுள் 40 ஆனால், இருப்பும் மெல்ல 40க்கு ஏறும். வரவு அதே 1. 'பாதிப்பு இரட்டிப்பு' என்று தலைப்புப் போட்டுவிடுவார்கள். உள்ளே நடந்தது மருந்தின் வெற்றி. காசநோயில் நேர்மாறு: குணமாக்கினால் இருப்பு சீக்கிரம் இறங்கும். ஆகவே ஒரு நோயையே வராமல் தடுக்கும் தடுப்பூசிக்கு அந்நோயின் புதுவரவைப் பாருங்கள். ஆயுளை நீட்டும் மருந்துக்கு வயதுவாரியான இறப்பு வீதத்தைப் பாருங்கள்.

முதல் பரிசோதனை முகாமில் கிடைக்கும் எண்ணிக்கையையும் புதுவரவில் சேர்க்கக் கூடாது. அது பழைய இருப்பு. நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபணு இருப்பதை ஆய்வாளர்கள் லேமன், கட்புஷ் இருவரும் 1952இலேயே பதிவு செய்துவிட்டார்கள். பள்ளி முகாமில் ஒருமுறை, ஆஸ்பத்திரியில் மறுமுறை என ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணுவதும் உண்டு. அதைவிடப் பெரிய தவறு, அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறதா என்று மட்டும் காட்டும் கரைதிறன் சோதனையோடு நின்றுவிடுவது. நோயாளிக்கும், ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் மரபணுவைப் பெற்று அதைச் சுமப்பவருக்கும் அதில் ஒரே விடைதான் வரும்; பிரித்தறிய, ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரெசிஸ் அல்லது ஹெச்.பி.எல்.சி. என்ற ஆய்வகச் சோதனை வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கருவில் உருவான ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால், கரைதிறன் சோதனை நோய் இருந்தும் 'இல்லை' என்று காட்டிவிடலாம். அந்த வயதுக் குழந்தைகளைத் பதிவேட்டில் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.