பிரஷர் பார்க்கும்போது கை எங்கே இருக்கிறது?

ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 120-க்குக் கீழே இறக்க வேண்டுமா, 130 வரை இருக்கலாமா என்று மருத்துவர்களிடையே பல ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது. 9,361 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2015-இல் வெளியான 'ஸ்பிரின்ட்' ஆய்வில், 140-க்குக் கீழே மட்டும் வைத்திருந்தவர்களைவிட, 120-க்குக் கீழே இறக்கியவர்களுக்கு இதயக் கோளாறுகளும் இறப்பும் குறைந்தன. மயக்கம், சிறுநீரகப் பாதிப்பு போன்றவை கூடின. இந்த விவாதத்தில் அடிக்கடி விட்டுப்போகும் ஒரு கேள்வி உண்டு: அந்த 120-ஐ எப்படி அளந்தார்கள்? நோயாளியை 5 நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கி மெஷினால் மூன்று முறை அளந்து, சராசரி எடுத்தார்கள். படியேறி வந்தவருக்கு அவசரமாக ஒரே முறை பார்த்து, அந்த எண்ணுக்கு மாத்திரையைக் கூட்டினால் அது ஸ்பிரின்ட் சொன்ன சிகிச்சையே அல்ல.

மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கைப்பட்டை காற்றால் உப்பி, தமனியை முழுக்க அழுத்தி ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறது. பிறகு காற்று மெல்ல இறங்குகிறது. ஒவ்வொரு துடிப்பும் பட்டையை லேசாக அதிரவைக்கும். அதிர்வு உச்சத்தைத் தொடும்போது பட்டையில் இருக்கும் அழுத்தம்தான் தமனியின் சராசரி அழுத்தம். பெரும்பாலான மெஷின்கள் நேரடியாகப் பிடிப்பது இதை மட்டுமே. திரையில் வரும் மேல் எண்ணும் கீழ் எண்ணும் அதிலிருந்து கணக்குப் போட்டு எடுத்தவை; அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பட்டை இதயத்தின் மட்டத்தில் இல்லாவிட்டால் இடையில் உள்ள ரத்தத்தின் எடையும் சேர்ந்துகொள்ளும். 10 செ.மீ. தாழ்ந்தால் ஏறத்தாழ 8 மி.மீ. பாதரசம், அதாவது திரையில் 8 எண், கூடுதலாகக் காட்டும். அமெரிக்காவின் பால்டிமோரில் 133 பேரிடம் இதைச் சோதித்து 2024-இல் வெளியிட்டார்கள். மேசையில் கையைத் தாங்கி வைத்து அளந்ததைவிட, மடியில் வைத்தபோது மேல் எண் சராசரியாக 3.9 கூடியது, பக்கவாட்டில் தொங்கவிட்டபோது 6.5 கூடியது. உண்மையில் 134 இருப்பவரை 140-க்கு மேல் தள்ள இது போதும்.

பட்டையின் அளவு இன்னும் பெரிய சிக்கல். 2023-இல் வெளியான ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்படும் பருத்த கைக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றியபோது மேல் எண் 19.5 கூடுதலாக வந்தது. சிறிய பட்டை தேவைப்படும் மெலிந்த கையில் அதே சாதாரணப் பட்டை 3.6 குறைத்துக் காட்டியது. எனவே மெஷின் வாங்கும் முன் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே நாடாவால் சுற்றளவு எடுங்கள். கூடவே வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைக்கானது, உங்கள் பெட்டியில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

வீட்டில் அளக்கும் முன் அரை மணி நேரம் காபி, டீ, புகை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் படிய உட்காருங்கள். சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றக் கூடாது. சட்டையைச் சுருட்டி இறுக்குவதும் தவறுதான், கழற்றிவிடுவது நல்லது. அளவு ஓடும்போது பேசாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். முதல் தடவை இரண்டு கைகளிலும் பார்த்து, எதில் அதிகமோ அதிலேயே தொடருங்கள். மருத்துவமனையில் உயர் அழுத்தத்துக்கு எல்லை 140/90 என்றால், வீட்டு அளவுக்கு 135/85.

இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கு மட்டும் இந்த மெஷின் கணக்கு தடுமாறும். ஒவ்வொரு துடிப்பின் வலுவும் வேறுபடுவதால் அதிர்வின் உச்சம் தெளிவாகக் கிடைக்காது. அவர்கள் மூன்று முறையாவது அளந்து சராசரி எடுக்க வேண்டும். எண்கள் அப்போதும் முன்னுக்குப் பின் முரணாக வந்தால், மருத்துவரிடம் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.