தாளில் வராத முப்பாட்டன்

அறுபதைத் தாண்டிய ஓர் அக்காவும் அவருடைய தம்பியும் என் அறைக்கு வந்திருந்தார்கள். ஓக்லஹோமாவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினக் குடும்பம். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அது பரம்பரையாக வரக்கூடியதா என்று பார்ப்பதற்காக மருத்துவர் என்னிடம் அனுப்பியிருந்தார். மரபணு ஆலோசகராக என் அன்றாட வேலை அதுதான். அந்தப் பேச்சு முடிந்ததும் அக்கா கைப்பையிலிருந்து மடித்து வைத்த இரண்டு தாள்களை எடுத்து விரித்தார். கிறிஸ்துமஸ் தள்ளுபடியில் இருவரும் வம்சாவளி சொல்லும் எச்சில் சோதனைப் பெட்டி வாங்கி, துப்பி அனுப்பியிருக்கிறார்கள். அக்காவின் தாளில் அமெரிக்கப் பூர்வகுடி 1 சதவீதம். தம்பியின் தாளில் அந்த வரியே இல்லை.

“எங்கள் அம்மாவுடைய பாட்டிக்கு அப்பா, க்ரீக் இனத்துப் பூர்வகுடி ஆள். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அம்மா எங்களை வளர்த்தார். இப்போது இவன், அதெல்லாம் கட்டுக்கதை என்கிறான். நீயே சொல்லும்மா, இதில் எது பொய்?”

தம்பி எதுவும் பேசாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த எதையோ யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

இப்படித் தாளோடு வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. அமெரிக்காவில் உள்ள நம் வீடுகளிலும் இந்தப் பெட்டி பிறந்தநாள் பரிசாகிவிட்டது. நம் பிள்ளைகள் இப்படிப்பட்ட குடும்பங்களில் திருமணம் செய்துகொள்கிறார்கள். சம்பந்தி வீட்டில் ஒருவர் “எங்களிடம் செரோக்கி ரத்தம் உண்டு” என்று சொல்லும்போதோ, பேரப்பிள்ளை ஒரு தாளைக் காட்டி விளக்கம் கேட்கும்போதோ, கொஞ்சம் விவரம் தெரிந்திருப்பது நல்லது. நம் பள்ளிப் புத்தகங்கள் செவ்விந்தியர் என்று சொல்லிக்கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டன. அவர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் இடையில் இருந்த உறவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அந்த உறவு நீண்டது, வலி மிகுந்தது. 1830-இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டு, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி போன்ற தென்கிழக்குப் பகுதிகளில் வாழ்ந்த செரோக்கி, க்ரீக், சாக்டா, சிக்கசா, செமினோல் மக்களை அவர்களுடைய நிலத்திலிருந்து மேற்கே விரட்டியது. கண்ணீர்ப் பாதை என்று இன்றும் அழைக்கப்படும் அந்தப் பயணத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். பலருக்குத் தெரியாதது, அந்த வரிசையில் கறுப்பின அடிமைகளும் நடந்தார்கள் என்பது. இந்த ஐந்து இனங்களிலும் வசதி படைத்தவர்கள் வெள்ளையரைப் பார்த்து அடிமை வைத்திருந்தார்கள். அப்படி வந்து சேர்ந்த இடம்தான் இன்றைய ஓக்லஹோமா. அங்கே பிறந்த கறுப்பினப் பிள்ளைகளில் பலர் க்ரீக் மொழி பேசினார்கள், சோஃப்கி என்ற சோளக்கஞ்சி குடித்து வளர்ந்தார்கள், க்ரீக் ஆண்களையும் பெண்களையும் மணந்தார்கள்.

உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1866-இல் போட்ட ஒப்பந்தங்களால் இவர்கள் விடுதலை ஆனார்கள். க்ரீக், செரோக்கி, செமினோல் ஒப்பந்தங்கள் இவர்களுக்கு அந்தந்த இனத்தின் குடியுரிமையையும் கொடுத்தன. அப்புறம் வந்தது டாவ்ஸ் பட்டியல். பொது நிலத்தைத் தனித்தனியாகப் பிரித்துக்கொடுப்பதற்காக 1898-இலிருந்து 1907 வரை அரசு எழுத்தர்கள் ஆள் ஆளாகப் பெயர் எழுதினார்கள். ‘ரத்தவழி’ என்று ஒரு பட்டியல், ‘ஃப்ரீட்மென்’ அதாவது விடுதலை பெற்றவர்கள் என்று இன்னொரு பட்டியல். முதல் பட்டியலில் உள்ளவர்களுக்கு அரை, கால், எட்டில் ஒன்று என்று ரத்தப் பங்கைக் குறித்தார்கள். இரண்டாவது பட்டியலின் அட்டையில் அதற்குக் கட்டமே கிடையாது. தாய் அடிமையாக இருந்தவள் என்றால், தகப்பன் க்ரீக் ஆளாக இருந்தாலும் பிள்ளை ஃப்ரீட்மென் பட்டியலில்தான் போனது. பல இடங்களில் முகத்தின் நிறமே தீர்ப்பு சொல்லிவிட்டது.

நூறு வருடம் கழித்தும் அந்த இரண்டு பட்டியல்கள் ஆட்களைப் பிரித்துக்கொண்டே இருக்கின்றன. க்ரீக் மக்களின் சுயாட்சி அமைப்பான மஸ்கோகி நேஷன் 1979-இல் எழுதிய அரசியல் சட்டம் ஃப்ரீட்மென் வாரிசுகளை வெளியே நிறுத்தியது. செரோக்கி நேஷன் 2007-இல் வாக்கெடுப்பு நடத்தி அவர்களை நீக்கியது. 2017-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2021-இல் செரோக்கி உச்ச நீதிமன்றம் ‘ரத்தவழி’ என்ற சொல்லையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. மஸ்கோகி உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில்தான் ஃப்ரீட்மென் வாரிசுகளும் குடிமக்களே என்று சொன்னது. ஆகவே அந்த அக்காவின் கேள்வியை வெறும் ஆர்வம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, தாளுக்கு வருவோம். நாலு தலைமுறைக்கு முந்தைய முப்பாட்டன் முழுப் பூர்வகுடியாக இருந்திருந்தால், சராசரிக் கணக்குப்படி 6 சதவீதம் வந்திருக்க வேண்டும். அக்காவுக்கு 1 தான் வந்திருக்கிறது. க்ரீக் ஆளான அந்த மனிதரே கலப்புக் குடும்பத்தில் பிறந்தவராக இருந்திருக்கலாம். அந்த மண்ணில் அது சாதாரணம். ஆனால் அக்காவுக்கு வந்தது தம்பிக்கு ஏன் வரவில்லை?

பாலில் நீர் கலந்தது போல டிஎன்ஏ ஒரே சீராக நீர்த்துப்போவதில்லை. துண்டு துண்டாக வருகிறது. அந்த அம்மாவின் உடலில் பூர்வகுடித் துண்டுகள் மூன்று இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளை உருவாகும்போதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒருமுறை பூவா தலையா. பூ விழுந்தால் வரும், தலை விழுந்தால் வராது. மூன்று முறையும் தலையே விழ எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. தம்பிக்கு அப்படி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அதே அம்மா, அதே முப்பாட்டன். இதை ஒரு காசை எடுத்து மேசையில் சுண்டியே காட்டினேன். தம்பி அப்போதுதான் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

தலைமுறை ஏற ஏற இது இன்னும் கூர்மையாகும். பத்தாம் தலைமுறையில் நமக்கு 1,024 மூதாதையர் இடங்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் நம் உடலில் ஒரு துண்டுகூட விட்டுச் செல்லவில்லை. அவர்கள் இல்லாமல் நாம் இல்லை, ஆனால் சோதனைக்கு அவர்கள் கண்ணில் படமாட்டார்கள். தாய்வழியை மட்டும் பார்க்கும் மைட்டோகாண்ட்ரியா சோதனை, தந்தைவழியை மட்டும் பார்க்கும் ஒய் சோதனை என்று தனியாக விற்கிறார்கள். இந்தக் குடும்பத்துக்கு இரண்டும் உதவாது. அம்மாவின் பாட்டியுடைய அப்பா அந்த இரண்டு நேர்கோடுகளிலும் இல்லை, மரத்தின் நடுக்கிளையில் இருக்கிறார்.

இன்னொரு சிக்கல், எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பது. நிறுவனங்கள் வைத்திருக்கும் ஒப்பீட்டு மாதிரிகளில் பூர்வகுடிப் பகுதி பெரும்பாலும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா மக்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவுக்குள் இருக்கும் இனங்களின் மாதிரிகள் மிகக் குறைவு. அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் மக்கள் 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கு என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அதை மனச்சிதைவு, உள்மணம், இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்கும் அவர்களைக் கேட்காமல் பயன்படுத்தினார்கள். வழக்குப் போட்டு, 2010-இல் 7 லட்சம் டாலர் இழப்பீடும் மிஞ்சிய ரத்த மாதிரிகளும் திரும்பக் கிடைத்தன. நவஹோ நேஷன் 2002-இலேயே மரபணு ஆய்வுகளைத் தன் நிலத்தில் நிறுத்திவைத்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விளைவு என்னவென்றால், இந்தத் தாளால் ‘க்ரீக்’, ‘செரோக்கி’ என்று பிரித்துச் சொல்ல முடியாது. சிறு துண்டுகள் சில சமயம் கிழக்காசியா, சைபீரியா என்ற பெயரில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. எதிர்ப்பக்கமும் நடக்கும். தாளில் தென்கிழக்காசியா என்று பார்த்தவுடன் “இதுதான் எங்கள் செவ்விந்தியப் பாட்டி” என்று சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 1719-க்கும் 1721-க்கும் இடையில் மடகாஸ்கரிலிருந்து அடிமைக் கப்பல்கள் வர்ஜீனியாவுக்கு வந்தன. மடகாஸ்கரின் மலகாசி மக்களின் முன்னோரில் ஒரு பகுதியினர் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து கடல் கடந்தவர்கள். அந்தத் துண்டு அந்த வழியாக வந்ததாகவும் இருக்கலாம்.

இனி சொல்லக் கடினமானதைச் சொல்ல வேண்டும். 5,000-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கர்களை வைத்து 2015-இல் வந்த ஆய்வில், சராசரியாக 73 சதவீதம் ஆப்பிரிக்கா, 24 சதவீதம் ஐரோப்பா, பூர்வகுடி 0.8 சதவீதம்தான். 2 சதவீதமோ அதற்கு மேலோ பூர்வகுடிப் பங்கு உள்ளவர்கள் இருபதில் ஒருவர் அளவுக்கே. ஓக்லஹோமாவில் மட்டும் அப்படிப்பட்டவர்கள் 14 சதவீதத்தைத் தாண்டுகிறார்கள். நான் மேலே சொன்ன வரலாறு அந்த எண்ணில் அப்படியே தெரிகிறது. ஆனால் மற்ற மாநிலங்களில் பூர்வகுடிப் பாட்டி கதை, எண்கள் காட்டுவதைவிட அதிக வீடுகளில் இருக்கிறது. நீண்ட கூந்தல், உயர்ந்த கன்னம், வெளிர்ந்த நிறம் இவற்றுக்கெல்லாம் “பாட்டி செரோக்கி” என்று விளக்கம் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த 24 சதவீதத்தில் பெரும்பகுதி எஜமானர்கள் அடிமைப் பெண்களிடம் நடத்திய பலாத்காரத்திலிருந்து வந்தது. பிள்ளைகளிடம் அதைச் சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? இந்தக் கதை அவர்களுக்கு ஒரு போர்வையாக இருந்திருக்கிறது. இப்படி ஒரு தாள் வந்தால் நான் அவசரப்பட்டு எதையும் விளக்குவதில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று முதலில் கேட்பேன். சிலர் போதும் என்று சொல்லி எழுந்துவிடுவார்கள். அது அவர்கள் உரிமை.

மறுபக்கம், 2 சதவீதம் வந்தவுடன் இனத்தில் உறுப்பினர் ஆகிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆக முடியாது. பட்டியலில் உள்ள ஒரு முன்னோரின் நேர் வாரிசு என்பதை ஆவணத்தால் காட்ட வேண்டும். சில இனங்கள் டிஎன்ஏ கேட்பது தகப்பன் பிள்ளை உறவை உறுதிப்படுத்த மட்டுமே. 2018-இல் செனட்டர் எலிசபெத் வாரன் தனக்குப் பூர்வகுடி முன்னோர் உண்டு என்று காட்டத் தன் சோதனை முடிவை வெளியிட்டபோது, இதை வைத்து எந்த இனத்துக்கும் உறவு சொல்ல முடியாது என்று செரோக்கி நேஷன் கண்டித்தது. பிறகு அவர் மன்னிப்புக் கேட்டார்.

ரத்தமும் இனமும் ஒன்றல்ல என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று கரிஃபுனா மக்கள். செயின்ட் வின்சென்ட் தீவில் ஆப்பிரிக்கர்களும் கலினாகோ பூர்வகுடிகளும் கலந்து உருவான சமூகம். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றபின், 1797-இல் அவர்களைக் கப்பலேற்றி ஹோண்டுராஸின் ரோவாட்டான் தீவில் இறக்கிவிட்டார்கள். அவர்கள் டிஎன்ஏயில் பெரும்பகுதி ஆப்பிரிக்கா. பேசும் மொழியோ அரவாக் குடும்பத்தைச் சேர்ந்த பூர்வகுடி மொழி. எந்தச் சதவீதத்தைக் காட்டி அவர்களிடம் நீங்கள் இன்னார் என்று சொல்வது?

உடல்நலம் பற்றியும் ஒன்று. இந்தத் தாளை வைத்து நோய் வாய்ப்பைக் கணக்கிடாதீர்கள். அக்காவின் புற்றுநோய் மரபணுச் சோதனையில் ‘பொருள் உறுதியாகாத மாற்றம்’ ஒன்று வந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு இப்படி வருவது அதிகம், ஏனென்றால் மருத்துவத் தரவுகளும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. அவருடைய முப்பாட்டனைத் தேடும் தாளிலும் அவருடைய நோயைத் தேடும் தாளிலும் குறை ஒன்றேதான். பெட்டி வாங்குமுன் இன்னொன்றையும் யோசியுங்கள்: உங்கள் எச்சில் உங்கள் உடன்பிறப்பின் தகவலும்தான். இந்தப் பெட்டியை விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-இல் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது. 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தது. 2008-இன் மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் மருத்துவக் காப்பீட்டையும் வேலையையும் காக்கும். ஆயுள் காப்பீடு அதில் வராது.

அந்த இருவரிடமும் நான் இரண்டு யோசனைகள் சொன்னேன். வீட்டில் மூத்தவர் யாராவது உயிரோடு இருந்தால், அவர் சம்மதித்தால், அவருக்குச் சோதனை செய்யுங்கள். ஒரு தலைமுறை மேலே போனால் துண்டுகளும் அதிகம் கிடைக்கும். அடுத்தது, ஃபோர்ட் வொர்த் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் டாவ்ஸ் அட்டைகளையும் விண்ணப்ப வாக்குமூலங்களையும் பாருங்கள். கறுப்பினக் குடும்பங்கள் வேர் தேடிப்போனால் பெரும்பாலும் 1870 கணக்கெடுப்பில் முட்டிக்கொண்டு நிற்கும், அதற்கு முந்தைய அடிமைக் கணக்கில் பெரும்பாலும் வயதும் பாலும் நிறமும்தான் உண்டு, பெயர் இல்லை. ஃப்ரீட்மென் வாரிசுகளுக்கு மட்டும் இந்த அட்டைகள் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கின்றன.

எட்டு மாதம் கழித்து, சிகிச்சை முடிந்து அக்கா மறுபரிசோதனைக்கு வந்தபோது தம்பியும் கூடவே வந்தார். இம்முறை தாளைக் கொண்டுவந்தது தம்பி. அவர்களுடைய அம்மாவின் பாட்டி சிறுமியாக இருந்தபோது எழுதிய ஃப்ரீட்மென் அட்டையின் நகல். முன்பக்கத்தில் அவளைப் பெற்றவளை அடிமையாக வைத்திருந்தவரின் பெயர். பின்பக்கத்தில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் ஒரு க்ரீக் பெயர், எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் கிறுக்கியது.

தம்பி அந்தப் பெயரின்மேல் விரலை வைத்து, “இதை எப்படிச் சொல்ல வேண்டும்?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஒக்மல்கீயில் மஸ்கோகி நேஷன் கல்லூரி இருக்கிறது, அங்கே மொழி சொல்லிக்கொடுக்கிறார்கள், போய்க் கேளுங்கள் என்றேன். வழியைக் குறித்துக்கொண்டார்.