‘டிஸ்கார்ட்’ அழுத்துவதற்கு முன்: விண்டோஸில் கிட் பொத்தான்கள்

விண்டோஸில் கிட் (கோப்புகளில் செய்த மாற்றங்களை வரலாறாகப் பதிந்துவைக்கும் மென்பொருள்) பயன்படுத்தும் பலர், கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறப்பதே இல்லை. டார்ட்டாய்ஸ்கிட், கிட்ஹப் டெஸ்க்டாப், விஎஸ் கோட் ஆகியவற்றில் ஒன்றை வைத்துச் சொடுக்கியே வேலையை முடித்துவிடுகிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு கோப்பில் ஏழு இடங்களில் கைவைத்துவிட்டு அதில் இரண்டை மட்டும் கமிட் செய்ய, அதாவது வரலாற்றில் பதிய, கட்டளையைவிடச் சுட்டிதான் வசதி. தொல்லை பெயர்களில்தான் இருக்கிறது. ஒரே சொல் ஒரு கருவியில் ஒன்றைச் செய்யும், இன்னொன்றில் வேறொன்றைச் செய்யும்.

‘ரிவர்ட்’டையே எடுத்துக்கொள்ளுங்கள். கிட் மொழியில் அது பழைய கமிட்டின் விளைவை நீக்கும் ஒரு புதிய கமிட்டைப் போடுவது. வரலாறு அப்படியே இருக்கும், எதுவும் தொலையாது. கிட்ஹப் டெஸ்க்டாப்பிலும் அதே பொருள்தான். ஆனால் டார்ட்டாய்ஸ்கிட்டில் கோப்பின் மேல் வலச்சொடுக்கி ‘ரிவர்ட்’ கொடுத்தால், இன்னும் கமிட் ஆகாத உங்கள் திருத்தங்கள் போய்விடும். கிட்டுக்கு முன்பு பரவலாக இருந்த சப்வெர்ஷன் என்ற மென்பொருளின் காலத்து டார்ட்டாய்ஸிலிருந்து வந்த வழக்கம் அது.

மற்றவை இதே வேலையை ‘டிஸ்கார்ட்’ என்கின்றன. கிட்ஹப் டெஸ்க்டாப் நீக்கிய கோப்பைப் பொதுவாக ரீசைக்கிள் பின்னில் போட்டுவைக்கும், அங்கே போய் மீட்கலாம். விஎஸ் கோட்டில், ஏற்கெனவே கிட் கண்காணிப்பில் உள்ள கோப்பின் திருத்தத்தை டிஸ்கார்ட் செய்தால் கிட்டிடம் அதன் நகல் கிடையாது. கமிட்டும், ஸ்டேஜும் (அடுத்த கமிட்டுக்கென எடுத்துவைப்பது) செய்யாத ஒன்றை அது எங்கேயும் எழுதிவைப்பதில்லை. அங்கே ஒரே கதி எக்ஸ்ப்ளோரர் பலகையின் அடியில் இருக்கும் ‘டைம்லைன்’. அதே எடிட்டரில் நீங்கள் சேமித்த பழைய வடிவங்கள் அதில் இருக்கலாம்.

கமிட் செய்ய மனமில்லாவிட்டாலும் அவ்வப்போது ஸ்டேஜ் செய்துவிடுங்கள். ஸ்டேஜ் செய்த நொடியில் உள்ளடக்கம் கிட்டின் கிடங்குக்குள் போய்விடுகிறது. பிறகு தவறிப்போனாலும் ‘கிட் எஃப்எஸ்சிகே’ கட்டளையை ‘லாஸ்ட்-ஃபவுண்ட்’ விருப்பத்தோடு ஓட்டித் தேடி எடுக்கலாம். கோப்பின் பெயர் கிடைக்காது, உள்ளடக்கம் கிடைக்கும்.

பிராஞ்சை (கமிட்டுகளின் ஒரு கிளையை) வேறொரு கமிட்டுக்கு நகர்த்தும் ‘ரீசெட்’ உரையாடல் பெட்டியில் சாஃப்ட், மிக்ஸ்டு, ஹார்ட் என்று மூன்று உண்டு. முதல் இரண்டும் உங்கள் கோப்புகளைத் தொடாது. ஹார்ட், கமிட் ஆகாத திருத்தங்களை வழித்தெடுத்துவிடும். கமிட் ஆனவை மறைந்தது போலத் தெரிந்தாலும் பதற வேண்டாம். டார்ட்டாய்ஸ்கிட்டில் ‘ஷோ ரெஃப்லாக்’ (பிராஞ்ச் முன்பு நின்ற கமிட்டுகளின் பட்டியல்) திறந்து, பழைய வரியில் வலச்சொடுக்கி அங்கிருந்து ஒரு புதிய பிராஞ்ச் போட்டால் திரும்பி வந்துவிடும். எந்தப் பிராஞ்சிலும் ஒட்டாத கமிட்டுகளுக்கான ரெஃப்லாக் பதிவுகள் இயல்பாக 30 நாள் இருக்கும், ஆகவே அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கமிட்டுகளைச் சர்வரில் ஏற்றும் டார்ட்டாய்ஸ்கிட்டின் புஷ் பெட்டியில் ‘ஃபோர்ஸ்’ என்பதற்கு எதிரே இரண்டு கட்டங்கள் இருக்கும். ‘நோன் சேஞ்சஸ்’ என்பது, நீங்கள் கடைசியாகப் பார்த்த நிலையிலேயே சர்வர் இருந்தால் மட்டும் மேலெழுதும். ‘அன்நோன் சேஞ்சஸ்’ எதையும் பார்க்காது, உடன் வேலை செய்பவர் காலையில் ஏற்றியதையும் சேர்த்து மிதிக்கும். வேறு வழியே இல்லையென்றால் முதல் கட்டம். இரண்டாவதைத் தொட வேண்டிய நாள் அனேகமாக வராது.

கோப்புகளின் மேல் டார்ட்டாய்ஸ்கிட் காட்டும் பச்சை டிக் ஐகான்கள் காணாமல்போவது அடிக்கடி வரும் புகார். ரெப்போவில் (கிட் கண்காணிக்கும் கோப்புறையில்) பழுது ஏதுமில்லை. விண்டோஸ் இப்படிப்பட்ட மேலொட்டு ஐகான்களுக்கு 15 இடங்களே தருகிறது, அதையும் பெயரின் அகர வரிசைப்படி. ஒன்டிரைவும் டிராப்பாக்ஸும் பெயருக்கு முன்னால் வெற்றிடம் சேர்த்து வரிசையில் முந்திக்கொள்கின்றன. ரேஷன் கடையில் செருப்பை வைத்து இடம் பிடிப்பது போலத்தான்.

ஒன்டிரைவ் பற்றி இன்னொன்று. கிட்ஹப் டெஸ்க்டாப் ரெப்போக்களை இயல்பாக ‘டாக்குமெண்ட்ஸ்’ கோப்புறைக்குள் இறக்கும். பல கணினிகளில் அந்தக் கோப்புறையே ஒன்டிரைவோடு ஒத்திசைந்துகொண்டிருக்கும். மறைந்திருக்கும் கிட் கோப்புறைக்குள் இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் கைவைத்தால் ரெப்போ சிதைய வாய்ப்புண்டு. சி டிரைவில் நேரடியாகச் சிறு பெயரில் ஒரு கோப்புறை போட்டு அங்கே இறக்குங்கள். பாதை 260 எழுத்தைத் தாண்டினால் வரும் பிழையும் இதனால் குறையும்.

ஒரு வரி திருத்தியதற்குக் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டுகிறதா? வரி முடிவுக் குறி விண்டோஸ் முறையிலிருந்து லினக்ஸ் முறைக்கோ, எதிர்த்திசையிலோ மாறியிருக்கும். ரெப்போவின் வேர்க் கோப்புறையில் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பு வைத்து, நட்சத்திரக் குறிக்கு அடுத்து ‘டெக்ஸ்ட்=ஆட்டோ’ என எழுதி, அந்தச் சீரமைப்பைத் தனி கமிட்டாகப் போடுங்கள். நிரல் திருத்தத்தோடு கலந்தால், பிறகு அந்தக் கமிட்டில் உண்மையில் என்ன மாறியது என்று கண்டுபிடிப்பது கடினம்.

கடவுச்சொல் சரியாக இருந்தும், ரெப்போக்களை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் தளம் புஷ்ஷை மறுத்தால்: 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை அது ஏற்பதில்லை. கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் கிட்ஹப் பெயரில் இருக்கும் பழைய பதிவை நீக்குங்கள். அடுத்த புஷ்ஷின்போது உலாவி திறந்து புதிதாக உள்நுழையச் சொல்லும்.