புது முகத்துக்கு இரும்புக் கம்பி எதுக்கு சார்?

அம்பத்தூர்ல டிங்கரிங், பெயிண்டிங் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன். போன வாரம் மறுபடியும் ஒரு ஃபேஸ்லிஃப்ட் (அதே மாடலுக்கு முகத்தை மட்டும் புதுசா மாத்தினது) எஸ்யூவி வந்துச்சு, பானட்ல வெச்ச பூஜை குங்குமம் கூட அழியல, அதுக்குள்ள ஓனர் கார் ஆக்சஸரி கடைங்க இருக்கற ஜிபி ரோடு போய் பம்பருக்கு முன்னாடி கருப்பு இரும்புக் கம்பி கார்டு (புல் பார்) மாட்டிட்டாரு. மதுரவாயல் பைபாஸ்ல மெதுவா முட்டினதுதானாம், கார்டுல ஒரே ஒரு கீறல், ஓனருக்கு ஒரே பெருமை. பம்பரைக் கழட்டிப் பாத்தா சைடு மெம்பர் (வண்டியோட எலும்பு மாதிரி நீளவாக்குல இருக்கற இரும்புச் சட்டம்) ரெண்டும் மடங்கிக் கிடக்கு.

"பம்பர் வெறும் பிளாஸ்டிக் சார், கை வெச்சாலே அமுங்குது"ங்கறாங்க. அமுங்கணும் சார்! அது மேல்தோல். பின்னாடி குறுக்கால பீம் இருக்கு, அதைத் தாங்கற ரெண்டு பெட்டி நசுங்கறதுக்குன்னே செஞ்சது, அதெல்லாம் நசுங்கி அடியை வாங்கிக்கிட்டாதான் உள்ள உக்காந்திருக்கறவருக்கு அடி குறையும். உங்க கார்டு இதையெல்லாம் தாண்டி நேரா மெம்பர்ல போல்ட் ஆயிருக்கு, அப்போ அடி எங்க போகும்? அம்பாசடர் பம்பர் மாதிரி வராதும்பாங்க. வண்டி நசுங்கல சரி, உள்ள இருந்தவங்களை யாராவது கேட்டீங்களா? ஏர்பேக் எப்போ விரியணும்ங்கறதும் கம்பெனி கார்டு இல்லாத வண்டியை இடிச்சுப் பாத்து போட்ட கணக்கு.

புது டிசைன்ல ஹெட்லைட்டே கீழ இறங்கிடுச்சு. டாடா ஹாரியர் 2019லயே அப்படித்தான், 2023ல மேல ஒரே நீள எல்ஈடி கோடா மாத்தினாங்க, பாக்க அம்சமா இருக்கு (எனக்கும் பிடிக்கும், உடைஞ்சா விலையைக் கேட்டுட்டு பேசுங்க). கீழ இறங்கின அந்த ஹெட்லைட்டுக்குக் குறுக்கால கம்பி வெச்சா ராத்திரி ரோட்டுல நிழல்தான் விழும். 2024 ஹூண்டாய் கிரெட்டா மாதிரி வண்டிங்கள்ல, எதிர்ல இருக்கறதைப் பாத்து தானா பிரேக் பிடிக்க முன்னாடி ரேடார் வேற. அதை மறைச்சுட்டு பிரேக் தானா பிடிக்கலன்னு சண்டைக்கு வராதீங்க. ஆயுத பூஜை மாலையைக் கூட ஓட்டறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க.

சட்டமும் சொல்லிடறேன். 2017 டிசம்பர்லயே மத்திய அரசு இந்த கார்டு கூடாதுன்னு மாநிலங்களுக்கு எழுதிடுச்சு, மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு. இப்போ அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு.

ரோடு கிராஸ் பண்றவங்களையும் கொஞ்சம் நினைங்க, தயவுசெஞ்சு. கம்பிக்குப் பதிலா பிளாஸ்டிக் பம்பர் மேல பட்டா அவங்க காலாவது தப்பிக்க வாய்ப்பு இருக்கு.

ஷோரூம்ல ஃப்ரீயா தர்றோம்னாலும் வேணாம்னு சொல்லுங்க. ஏற்கெனவே மாட்டியாச்சா? கழட்டறது பெரிய வேலை இல்ல, துளை போட்டிருந்தா அங்க மட்டும் ஆன்ட்டி ரஸ்ட் அடிச்சுடுங்க, மழைக்காலம் வர்றதுக்குள்ள.