எஞ்சின் அணைந்த பிறகும் பெட்ரோல் குழாயில் அழுத்தம் ஏன்?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் காலத்து அம்பாசடர், பத்மினி கார்கள் மே மாத வெயிலில் பாதி மலை ஏறியதுமே திக்கித் திணறி நின்றுவிடுவதுண்டு. பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டுச் சூடு தணியக் காத்திருப்பார்கள். இன்றைய கார்களுக்கு அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. எது அந்தத் தொல்லையைப் போக்கியதோ, அதுவேதான் பெட்ரோலை வடிகட்டும் ஃபியூல் ஃபில்டரைக் கழற்றுகிறவர் முகத்தில் பெட்ரோலைப் பீச்சியடிக்கிறது.

பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதில் லேசானவை 35, 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பழைய வண்டிகளில் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருந்தது. பின்னாலுள்ள டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுத்தது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் திரவம் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். போதாததற்கு, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் காற்றழுத்தமும் கடல் மட்டத்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. குழாயில் ஆவிக் குமிழ் கட்டிக்கொள்ளும், பம்ப் குமிழை அமுக்கிக்கொண்டே இருக்கும், பெட்ரோல் நகராது.

எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளித்துக் கொடுக்கும் இன்ஜெக்டர் வைத்த கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. அது உறிஞ்சுவதில்லை, தள்ளுகிறது. பெரும்பாலான கார்களில் 3 முதல் 4 பார் அழுத்தம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2.2 பார் அளவில்தான் இருக்கும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இவ்வளவு அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் எளிதில் கொதிக்காது.

சரி, வண்டியை நிறுத்திய பிறகும் அந்த அழுத்தம் எதற்கு? மலை ஏறி ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும் ரேடியேட்டர் தண்ணீரின் ஓட்டம் நின்றுவிடுகிறது, எதிர்க்காற்றும் இல்லை. எஞ்சினில் தேங்கிய சூடெல்லாம் மேலே ஏறி, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயைத் தாக்குகிறது. ஓடும்போது இருந்ததைவிட நிறுத்திய கொஞ்ச நேரத்தில்தான் அங்கே சூடு அதிகம். அப்போது அழுத்தம் விழுந்தால் பெட்ரோல் கொதித்துவிடும், டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் வண்டி முரண்டு பிடிக்கும். அதனால் பம்பின் வாயில் ஒருவழி வால்வு வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் வால்வு மூடிக்கொள்ள, அந்தப் பக்கம் இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்ள, நடுவில் பெட்ரோல் அழுத்தத்தோடு பூட்டப்படுகிறது. வால்வு நன்றாக இருந்தால் பல மணி நேரம் தாங்கும். இரவு நிறுத்திய வண்டிதானே என்று காலையில் ஸ்பேனரை வைப்பது அவ்வளவு சரியல்ல.

திரவம் காற்றைப் போல அமுங்காது. 3.5 பார் அழுத்தத்தில் ஒரு லிட்டர் பெட்ரோல் அரை மில்லிகூடச் சுருங்காது. ரப்பர் குழாயின் விரிவையும் சேர்த்தாலும், கொஞ்சம் வெளியேறியதும் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். அளவு அற்பம்தான், ஆனால் அது வரும் விதம்தான் வில்லங்கம். சொட்டாமல், மெல்லிய தூறலாகக் காற்றில் பரவுகிறது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். தள்ளி எரியும் பல்பிலோ வெல்டிங் பொறியிலோ பற்றிக்கொள்ளும்.

அழுத்தத்தை இறக்க எளிய வழி, பூட்டிய பெட்ரோலை எஞ்சினையே குடிக்க வைப்பது. ஃபியூல் பம்பின் ஃபியூஸையோ, அதற்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயையோ பிடுங்கிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தால், மிச்சத்தை எரித்துவிட்டுத் தானே அணையும். அப்புறம் சாவியைத் திருப்பி சில நொடி எஞ்சினைச் சுற்றவிட்டால் இன்னும் கொஞ்சம் இறங்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அவசரத்தில் இன்ஜெக்டருக்கோ, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கோ போகும் ஃபியூஸைப் பிடுங்கினாலும் எஞ்சின் அணையும். ஆனால் இன்ஜெக்டர் திறக்காது, அழுத்தம் அப்படியே நிற்கும். பேட்டரியைக் கழற்றினாலும் இதே கதைதான். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவது தீப்பொறி வராமலிருக்க. அழுத்தத்தை இறக்கிய பிறகு செய்ய வேண்டிய வேலை அது.

டேங்க் மூடியையும் ஒருமுறை திறந்துவிட வேண்டும். வெயிலில் டேங்குக்குள் கட்டிய ஆவி, கழற்றிய குழாய் வழியாகப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதனால் இணைப்பின் மேல் பனியன் வேஸ்ட்டைச் சுற்றி, எஞ்சின் ஆறிய பிறகு, மெதுவாகத்தான் தளர்த்துவார்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளாத மெக்கானிக்குகளைத்தான் அதிகம் பார்க்கிறோம், அது வேறு விஷயம்.

எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இந்த வித்தையை ஓட்டிப் பார்க்கக் கூடாது. அங்கே உயரழுத்தக் குழாயில் 1,600 பாருக்கு மேலும் போகும். அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எரிபொருள் இல்லாமல் ஓட்டினால் உள்ளே காற்று புகுந்து, உயரழுத்த பம்பும் தேயும்.

புது ஃபில்டரில் அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். பேட்டரியையும் ஃபியூஸையும் மாட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி, ஓரிரு நொடி விட்டு அணைத்து, மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் பம்ப் குழாயை நிரப்பிவிடும். அப்போதே இணைப்புகளில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால், கிளிப்பில் கை வைக்கும் முன் மறுபடியும் ஃபியூஸைப் பிடுங்குவதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். குழாயில் அழுத்தம் திரும்ப ஏறியிருக்கும்.