பாக்கெட்டில் இல்லாத கொலஸ்ட்ரால் ரத்தத்தில் ஏறுவது எப்படி?

கடலூர் முதுநகரில் மளிகை வாங்குபவர், ‘கொலஸ்ட்ரால் அற்றது’ என்று அச்சிட்ட எண்ணெய் பாக்கெட்டைக் கண்டால் அது இதயத்துக்கு நல்லது என்றே எடுத்துக்கொள்வார். அந்த வாசகத்தில் பொய் இல்லை; பயனும் இல்லை. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் பெயரளவுக்கே இருக்கும். பெரும்பாலானோருக்கு ரத்தக் கொலஸ்ட்ராலின் அளவைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும், உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட உண்ணும் கொழுப்பின் வகைக்கே பங்கு அதிகம்.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. கொலஸ்ட்ரால் நீரில் கரையாது என்பதால், புரதம் போர்த்திய நுண்துகள்களுக்குள் அடங்கியே ரத்தத்தில் பயணம் செய்கிறது. அவற்றுள் எல்.டி.எல். எனப்படும் துகள்களைக் கல்லீரல் செல்களின் மேலுள்ள ஏற்பிகள் பிடித்து உள்ளிழுத்துக்கொள்கின்றன. (இந்த ஏற்பியைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர்.) நெய் போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பை அதிகமாக உண்ணும்போது ஏற்பிகளின் செயல்பாடு குறைகிறது, துறையில் இடம் கிடைக்காத படகுகள் முகத்துவாரத்தில் தேங்குவதைப் போல, எல்.டி.எல். துகள்கள் ரத்தத்திலேயே கூடுதல் நேரம் தங்கிவிடுகின்றன. அவற்றில் சில தமனியின் உட்சுவருக்குள் புகுந்து வேதிமாற்றம் அடைய, அவற்றை விழுங்கும் வெள்ளணுக்கள் கொழுப்பால் உப்பி அங்கேயே படிகின்றன. பல ஆண்டுகளாக வளர்ந்த அந்தப் படிவு ஒரு நாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வழியை அடைப்பதால்தான் பெரும்பாலான மாரடைப்புகள் நேர்கின்றன.

பாமாயிலில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது 80 விழுக்காட்டுக்கும் மேல். விருத்தாசலம் பக்கத்து மணிலாவை ஆட்டி எடுக்கும் கடலை எண்ணெயிலோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இராது. எஞ்சியது நிறைவுறாக் கொழுப்பு. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் இந்த விகிதம் பெரிதும் மாறுவதில்லை, விலைதான் மாறுகிறது. எல்லாவற்றிலும் கேடானது பழைய வனஸ்பதியில் மிகுந்திருந்த டிரான்ஸ் கொழுப்பு, அது எல்.டி.எல்.லை ஏற்றுவதோடு கொலஸ்ட்ராலைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் நன்மை தரும் எச்.டி.எல். துகள்களையும் இறக்கிவிடும். எண்ணெய், கொழுப்புகளில் அதன் அளவு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2022 முதல் நடப்பில் உள்ளது.

நெய்யைக் குறைத்தவர் அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். கடலை எண்ணெயோ, ஒமேகா-3 என்ற நிறைவுறாக் கொழுப்பு நிறைந்த மத்திக் குழம்போ வந்தால் நன்மை உண்டு. மைதா பரோட்டாவும் இன்னொரு கை சோறும் வந்தால், எல்.டி.எல். சற்றே இறங்கினாலும் ரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு ஏறிவிடும். இதய நோய்க்கான வாய்ப்பு குறைவதில்லை.