தராசில் தொடங்கும் பந்தயம்: தடை தாண்டும் ஜாக்கியின் உடலும் தொழிலும்

1992ஆம் ஆண்டு மார்ச் 26 அன்று அயர்லாந்தின் தர்லஸ் பந்தயத் திடலில் ‘லீகல் ஸ்டெப்ஸ்’ என்னும் குதிரை வென்றபோது, அதன் மீதிருந்த ஆன்டனி மெக்காய்க்கு 17 வயது. வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தைச் சேர்ந்த மணிகிளாஸ் என்ற சிற்றூரிலிருந்து, ஜிம் போல்ஜர் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரிடம் தொழில் கற்க வந்த பையன் அவர். அன்று வென்றது தடைகள் இல்லாத சமதளப் பந்தயம். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பயிற்சி ஓட்டத்தின்போது விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. மாதக்கணக்கில் ஓய்வில் இருந்து எழுந்தபோது எலும்பு கூடியிருந்தது. கூடவே உயரமும் எடையும் கூடியிருந்தன. சமதளப் பந்தய ஜாக்கிகள் பெரும்பாலும் 50 முதல் 57 கிலோ வரை இருப்பவர்கள். 5 அடி 10 அங்குலம் வரை வளர்ந்துவிட்ட உடம்புக்கு அங்கே இடமில்லை. எனவே அவர் தடை தாண்டும் பந்தயத்துக்கு மாறினார், 1994இல் இங்கிலாந்துக்குப் போனார், 1995-96 பருவம் முதல் 2014-15 பருவம் வரை தொடர்ந்து 20 முறை பிரிட்டனின் முதன்மைத் தடைப் பந்தய ஜாக்கியாக, அதாவது பருவத்தில் அதிக வெற்றி பெற்றவராக, இருந்தார். 4,300க்கும் மேற்பட்ட வெற்றிகள் அவர் கணக்கில் உள்ளன. 2001-02 பருவத்தில் மட்டும் 289.

இந்த எண்களை விளையாட்டுப் பக்கத்தின் கண்ணோடு பார்த்தால் சாதனைப் பட்டியல் மட்டுமே தெரியும். உடலியலின் கண்ணோடு பார்த்தால், ஒரு மனித உடம்பு எடையோடும் ஈர்ப்பு விசையோடும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய வழக்கு தெரிகிறது. எனக்கு இரண்டாவதே பெரிதாகப் படுகிறது.

தடைப் பந்தயம் பிறந்த மண்ணே அயர்லாந்துதான். 1752இல் கார்க் மாவட்டத்தில் இருவர் பந்தயம் கட்டி, பட்டவெண்ட் ஊரின் தேவாலயத்திலிருந்து டோனரேய்ல் ஊரின் தேவாலயக் கோபுரத்தை இலக்காக வைத்து, வழியிலிருந்த வேலிகளையும் ஓடைகளையும் சுவர்களையும் தாண்டிக் குதிரை ஓட்டினார்கள் என்பது வரலாறு. இன்று அந்த வேலிகளின் இடத்தில், குச்சிகளை இறுக்கிக் கட்டிய செயற்கைத் தடைகள் நிற்கின்றன. பெரிய தடைகள் குறைந்தது 4 அடி 6 அங்குல உயரம் கொண்டவை. லிவர்பூல் அருகே எய்ன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில், ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தூரத்தில் இவ்வகைத் தடைகளை 30 முறை தாண்ட வேண்டும்.

இத்தகைய பந்தயம் தராசில்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு குதிரைக்கும் அது சுமக்க வேண்டிய எடை முன்னதாகவே குறிக்கப்பட்டிருக்கும். திறன் மிக்க குதிரைக்கு அதிக எடை, திறன் குறைந்ததற்குக் குறைந்த எடை. ஜாக்கி தன் சேணத்தைக் கையில் பிடித்தபடி தராசில் அமர்கிறார். குறித்த எடைக்குக் குறைந்தால், சேணத்துக்கு அடியில் போடும் துணியின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகி ஈடுகட்டுவார்கள். எடை கூடினால் ஈடுகட்ட வழியில்லை. மெக்காய் ஓட்டிய காலத்தில் தடைப் பந்தயத்தின் கீழ் எல்லை பெரும்பாலும் 10 ஸ்டோன், அதாவது 63.5 கிலோ. சேணம் முதலியவற்றையும் சேர்த்தே இந்தக் கணக்கு. 2010இல், தம் 15ஆவது முயற்சியில், மெக்காய் கிராண்ட் நேஷனலை வென்றபோது ‘டோன்ட் புஷ் இட்’ என்ற அவருடைய குதிரை சுமந்தது சுமார் 72 கிலோ. அன்று அவருக்கு நெருக்கடி இல்லை. ஆனால் வாரத்தில் பல நாள், நாளுக்குப் பல பந்தயம் ஓட்டுபவர், எந்தக் குதிரை கிடைத்தாலும் ஏறத் தயாராக 10 ஸ்டோனை ஒட்டியே இருக்க வேண்டும். அவருடைய உயரத்துக்கு இயல்பான எடை அதைவிடப் பல கிலோ அதிகம்.

அந்த இடைவெளியை நிரப்பியது பட்டினியும் வெந்நீரும். வெந்நீர்த் தொட்டி எப்படி எடையைக் குறைக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். உடல் சூடேறும்போது வியர்வை சுரக்கிறது. அந்த வியர்வை காற்றில் ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. கழுத்துவரை வெந்நீரில் மூழ்கியவருக்கு வியர்வை சுரக்கிறதே தவிர, ஆவியாக வழியில்லை. குளிர்ச்சி கிடைக்காத உடல் மேலும் மேலும் வியர்க்கிறது. இப்படி வெளியேறுவது கொழுப்பு அன்று, நீர். அதில் ஒரு பங்கு இரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து வருகிறது. இரத்தத்தின் கொள்ளளவு குறைந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தம் குறையும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்க வேண்டும். பந்தயத்தின்போது ஜாக்கியின் இதயம் ஏற்கெனவே தன் உச்ச வேகத்தை ஒட்டியே துடித்துக்கொண்டிருக்கும். சில நூறு மீட்டருக்கு ஒரு முறை நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டிய ஒருவர், இரத்தம் குறுகிய நிலையில் களத்தில் இறங்குகிறார் என்பதை நினைக்கவே எனக்குக் கலக்கமாக இருக்கிறது. பிரிட்டனின் பந்தயத் திடல்களில் இருந்த நீராவி அறைகள் கொரோனா காலத்தில், 2020இல், மூடப்பட்டன. 2021இல் அவை நிரந்தரமாக அகற்றப்பட்டன. வெகு முன்பே செய்திருக்க வேண்டிய காரியம்.

தராசிலிருந்து இறங்கிக் குதிரைக்கு வருவோம். ஜாக்கி சேணத்தில் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. சேணத்திலிருந்து தொங்கும் மிதிவளையங்களான அங்கவடிகளில் கால்களை ஊன்றி, முழங்காலை மடக்கி, உடலைக் குதிரையின் முதுகுக்கு மேலே நிறுத்திவைக்கிறார். பாயும் குதிரையின் முதுகு ஒவ்வொரு தாவலிலும் மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைகிறது. சேணத்தில் ஒட்டி அமர்ந்தால், அந்த அசைவு ஒவ்வொன்றிலும் ஜாக்கியின் உடலையும் குதிரையே தூக்கித் தள்ள வேண்டும். குந்திய நிலையில் ஜாக்கியின் முழங்கால்கள் வில்லைப்போல் மடங்கி விரிந்து அந்த அசைவை விழுங்கிவிட, அவருடைய உடல் கிட்டத்தட்ட நேர்கோட்டில் சீராக முன்னேறுகிறது. எடையைக் குதிரை சுமக்கிறது, ஆனால் குலுக்குவதில்லை. இந்த அமர்வு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவியபோது பந்தய நேரங்கள் 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்தன என்பதை 2009இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. குதிரைக்கு மிச்சமான உழைப்பை ஜாக்கியின் தொடைகள் ஏற்றுக்கொள்கின்றன.

தடைப் பந்தயத்தில் இதே அமர்வில் ஒரு மாற்றம் உண்டு. சமதள ஜாக்கிகளைவிட அங்கவடி வாரை நீளமாக விட்டுக்கொள்கிறார்கள். அதனால் கெண்டைக்கால் குதிரையின் விலாவைப் பற்றிக்கொள்ள முடிகிறது, உடலின் எடைமையமும் தாழ்கிறது. தடையை நெருங்கும் கடைசிச் சில தாவல்களில்தான் ஜாக்கியின் கலை தெரியும். குதிரையின் ஒரு தாவல் 6 முதல் 7 மீட்டர். கிளம்ப வேண்டிய இடமோ தடைக்கு முன்னே சுமார் 2 மீட்டரில் இருக்கிறது. தாவல் கணக்கு அந்த இடத்தில் வந்து சேர, குதிரையை ஒரு தாவல் நீட்டச் சொல்ல வேண்டும் அல்லது குறுக்கச் சொல்ல வேண்டும். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், நெற்றிக்கு நேர்முன்னே மிக அருகிலிருக்கும் பொருள் அதற்குத் தெரியாது. கிளம்பும் கணத்தில் அது நினைவையும் ஜாக்கியையும் நம்பியே எழுகிறது. நிறங்களிலும் அதற்குக் குறைபாடு உண்டு. தடைகளின் விளிம்பில் நெடுங்காலமாகப் பூசிவந்த ஆரஞ்சு நிறம் அதன் கண்ணுக்குப் புல்லோடு புல்லாகத் தோன்றுகிறது என்று எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டிய பிறகே, பிரிட்டனில் அந்த விளிம்புகள் வெள்ளைக்கு மாறின.

இறங்கும் கணம் இன்னும் நுட்பமானது. சுமார் 500 கிலோ உடம்பு முன்கால்களில் வந்து இறங்கும்போது முன்னேறும் வேகம் சட்டென்று தடைப்படுகிறது. ஜாக்கியின் உடலோ பழைய வேகத்திலேயே முன்னே போகப் பார்க்கிறது. அதனால் அவர் காற்றில் இருக்கும்போதே தோளைப் பின்னே சாய்த்து, குதிகாலைக் கீழே அழுத்திப் பாதத்தை முன்னே வைக்கிறார். கடிவாள வார்கள் அவருடைய விரல்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. குதிரை கழுத்தை நீட்டித் தன்னை நிலைப்படுத்திக்கொள்ள அந்த நீளம் தேவை. அடுத்த தாவலுக்குள் வாரை மீண்டும் சுருட்டிப் பிடித்துவிடுவார். இதற்கெல்லாம் ஒரு நொடிகூட ஆவதில்லை. வலிமையைவிடச் சமநிலையும் நேர உணர்வும் இங்கே முந்தி நிற்கின்றன. ஆண்களும் பெண்களும் ஒரே விதியில் மோதும் இந்த விளையாட்டில், டிப்பரெரி மாவட்டத்தைச் சேர்ந்த ரேச்சல் பிளாக்மோர் 2021இல் ‘மினெல்லா டைம்ஸ்’ மீது கிராண்ட் நேஷனலை வென்ற முதல் பெண்ணானதும், மறு ஆண்டு இங்கிலாந்தின் மற்றொரு பெரிய தடைப் பந்தயமான செல்டனம் தங்கக் கோப்பையையும் வென்றதும் இதற்குச் சான்று.

இத்தனை கலையும் கைவிடும் கணங்கள் உண்டு. குதிரையின் முன்கால்கள் தடையில் சிக்கினால், கால்கள் நின்றுபோக மேலுடம்பு தொடர்ந்து முன்னேறி, குதிரை முன்புறமாகச் சுழல்கிறது. தடைப் பந்தயத்தில் ஏறக்குறைய 15 முதல் 20 சவாரிக்கு ஒரு முறை ஜாக்கி விழுகிறார். 17,000 முறைக்கு மேல் சவாரி செய்த மெக்காய்க்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஆயிரத்தை ஒட்டிய எண் வரும். ஒவ்வொரு வீழ்ச்சியும் தரையிலிருந்து சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது என்று கொண்டால், தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் மட்டும் மணிக்கு 25 கிலோமீட்டர். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் குதிரை ஓடிக்கொண்டிருந்ததையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விழுவதற்கும் பயிற்சி உண்டு. கையை நீட்டி ஊன்றாதே, சுருண்டு உருள் என்பதே அதன் சாரம். உருளும்போது வேகம் ஒரே கணத்தில் அற்றுப்போகாமல் சற்று நீண்ட நேரத்தில் கரைகிறது. நேரம் நீள நீள உடல் தாங்க வேண்டிய விசை குறைகிறது. நீட்டிய கையில் விழுந்தால் அந்த விசை முழங்கை, தோள் வழியாக ஏறிக் காறை எலும்பில் முடிகிறது. கையை உடற்கூட்டோடு இணைக்கும் ஒரே எலும்புப் பாலம் அதுதான். ஜாக்கிகளுக்கு அடிக்கடி முறிவதும் அதுதான். தலைக்கவசத்தின் நுரைப் படலமும் இதே விதியில் வேலை செய்கிறது: சில மில்லிமீட்டரில் நிற்க வேண்டிய தலையை இரண்டு மூன்று சென்டிமீட்டரில் நிறுத்தி அதிர்வைத் தணிக்கிறது. ஆனால் தலை சுழலும்போது மண்டைக்குள் மூளை முறுக்குண்பதை அந்த நுரையால் முழுதாகத் தடுக்க இயலாது. மூளை அதிர்ச்சிக்கு ஆளான ஜாக்கியை, சோதனைகளில் தேறும்வரை குதிரையேற விடாத விதி அதனால்தான் வந்தது.

தராசும் வீழ்ச்சியும் சந்திக்கும் இடம் எலும்பு. தேவைக்கு மிகக் குறைவாக உண்ணும் உடல், உயிரைக் காக்கும் வேலைகளுக்கு ஆற்றலை ஒதுக்கிவிட்டு, எலும்பைப் புதுப்பிக்கும் வேலையைத் தள்ளிப்போடுகிறது. எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன்களும் குறைகின்றன. மனித எலும்பு தன் முழு அடர்த்தியை எட்டுவது இருபதுகளில். ஜாக்கிகள் மிகக் கடுமையாகப் பட்டினி கிடப்பதும் அதே வயதில்தான். டப்ளின் நகரப் பல்கலைக்கழகத்தினர் அயர்லாந்து ஜாக்கிகளின் எலும்புகளை அளந்தபோது, சமதள ஜாக்கிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடமும் தடைப் பந்தய ஜாக்கிகளில் ஏறத்தாழ ஐந்தில் இருவரிடமும் எலும்பு அடர்த்தி குறைந்திருக்கக் கண்டார்கள். யார் அதிகம் விழப்போகிறாரோ அவருடைய எலும்பையே இந்தத் தொழில் மெலிய வைக்கிறது. இதைத் தனிமனிதத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டுப் போவது போதாது; குறைந்தபட்ச எடையை உயர்த்துவதுதான் நேர்வழி என்பது என் உறுதியான கருத்து.

2008 ஜனவரியில் வாரிக் திடலில் விழுந்த மெக்காய்க்கு முதுகெலும்பின் நடுப்பகுதியில் இரண்டு கண்ணிகள் முறிந்தன. அறுவை செய்து உலோகத்தால் பிணைத்தார்கள். வீக்கத்தை அடக்க, பூஜ்யத்துக்குக் கீழே 100 பாகைக்கும் மேலான கடுங்குளிர் அறையில் நின்று, மார்ச் மாதச் செல்டனம் விழாவுக்கு அவர் திரும்பிவிட்டார். அந்தக் குளிர் எலும்பைச் சேர்ப்பதில்லை. வலியையும் வீக்கத்தையும் தணித்து, உடற்பயிற்சியை முன்னதாகத் தொடங்க இடம் தருகிறது. மிச்சத்தை எலும்பு தன் வேகத்தில்தான் செய்கிறது.

தம் கடைசிப் பருவத்தில் 300 வெற்றிகளைத் தொட வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். 2014 அக்டோபரில் வூஸ்டரில் விழுந்ததில் காறை எலும்பு மூட்டிலிருந்து விலகியது, விலா முறிந்தது, நுரையீரல் துளைபட்டது. 300 என்ற கனவு அங்கேயே நின்றது. 2015 ஏப்ரல் 25 அன்று சாண்டவுனில் ‘பாக்ஸ் ஆபீஸ்’ என்ற குதிரையில் கடைசியாக ஏறி மூன்றாவதாக வந்தார். முதல் சில இடங்களைப் பிடித்தவர்கள் சேணத்தோடு மறுபடியும் எடை போட்டுக்காட்ட வேண்டும் என்பது விதி. 40 வயது மெக்காய் சேணத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தராசுக்குப் போனார்.